லந்தன் பத்தேரியின் பெண்ணும் வேளியின் பிள்ளைகளும்

போர்ட் கொச்சி, மட்டாஞ்சேரி, வேளி ஆகிய இடங்களில் வீட்டில் தமிழும் பள்ளியில் மலையாளமுமாக வளர்ந்த இளைய வாசகர்களுக்கு ஒரு திறந்த மடல்



கொச்சிக் காயலில் இருப்பதாகக் கற்பனை செய்யப்பட்ட சிறு தீவொன்றில் ஜெசிக்கா என்னும் பெண் பிறந்து, தவழ்ந்து, பள்ளி சென்று, பதின்ம வயதை எட்டும் வரையிலான காலத்தை அவளுடைய வாய்மொழியாகவே சொல்லும் நாவல் 'லந்தன்பத்தேரியிலே லுத்தினியகள்'. சிறுகதையாசிரியராகப் பெயர் பெற்றிருந்த என்.எஸ். மாதவனின் முதல் நாவலாக அது 2003 இல் மலையாளத்தில் வெளிவந்தது. ராஜேஷ் ராஜமோகனின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2010 இல் வந்தது. தமிழில் அதை இரா. முருகன் 'பீரங்கிப் பாடல்கள்' என்ற பெயரில் தந்திருக்கிறார். அந்நாவலைப் படித்த வாசகர் ஒருவரின் எதிர்வினையே இம்மடல். நாவலாசிரியருக்கோ திறனாய்வாளர்களுக்கோ எழுதப்பட்டிருக்க வேண்டிய இது உங்களுக்கு எழுதப்படுவதற்குக் காரணம், அந்தத் தீவின் பெயரில் நிற்கும் 'லந்தன்' உங்களில் பலருடைய குடும்ப வரலாற்றின் முதல் வரியிலும் நிற்கிறான் என்பதும், அந்த வரிக்குப் பின் வர வேண்டிய நாவல் இன்னும் உங்கள் கைக்கு வந்து சேரவில்லை என்பதும்தான்.

பெயரிலிருந்தே தொடங்குவது நல்லது. லந்தன் என்பது ஹாலந்துக்காரனைக் குறிக்கும் மலையாளச் சொல். இலங்கைத் தமிழில் ஒல்லாந்தர் என்றும், பழைய தமிழ் ஆவணங்களில் உலாந்தாக்காரர் என்றும் வழங்கியவர்கள் இவர்களே. பத்தேரி என்பது பீரங்கிகளை வரிசையாக நிறுத்தி வைக்கும் மேடை. வயநாட்டில் திப்பு சுல்தானின் பெயரோடு ஒட்டிக்கொண்டிருக்கும் சுல்தான் பத்தேரி என்ற ஊர்ப்பெயரில் உள்ளதும் இதே சொல்தான். லுத்தினியா என்பது கத்தோலிக்கத் திருச்சபையில் ஒருவர் புனிதர்களின் பெயரை ஒவ்வொன்றாக அழைக்க, கூடியிருப்பவர்கள் ஒவ்வொரு பெயருக்கும் ஒரே மறுமொழியைத் திரும்பத் திரும்பச் சொல்லும் வழிபாட்டு முறை. தமிழ்க் கத்தோலிக்கர் அதை மன்றாட்டுமாலை என்பர். ஆகவே நாவலின் தலைப்பிலேயே ஒரு படையெடுப்பும் ஒரு பிரார்த்தனையும் அடுத்தடுத்து வைக்கப்பட்டிருக்கின்றன. கடல் வழியாக வந்த இரண்டையும் தனதாக்கிக்கொண்ட ஊர் ஒன்றின் கதை அதனுள் வரப்போகிறது என்பதைத் தலைப்பே அறிவித்துவிடுகிறது.

ஒரு சிறுவனோ சிறுமியோ வளர்ந்து, உலகோடு மோதி, தன்னைத் தானே அறியும் நிலைக்கு வரும் கதையைச் சொல்லும் நாவல்களுக்கு ஜெர்மானிய இலக்கிய ஆய்வில் 'பில்டுங்ஸ்ரோமான்' என்ற பெயர் உண்டு. உருவாக்க நாவல் என்று அதைத் தமிழில் சொல்லலாம். கார்ல் மோர்கன்ஸ்டெர்ன் என்ற பேராசிரியர் 1819 ஆம் ஆண்டளவில் தம் சொற்பொழிவுகளில் ஆண்ட இச்சொல்லுக்கு முதன்மைச் சான்றாகக் காட்டப்பட்டு வருவது, 1795-96 இல் வெளிவந்த கதேயின் வில்ஹெல்ம் மைஸ்டர் நாவல். அவ்வகை நாவலின் பழைய இலக்கணப்படி, நாயகன் வீட்டை விட்டு வெளியேறுகிறான், அலைகிறான், தவறுகிறான், கடைசியில் சமூகத்தில் தனக்குரிய இடத்தைக் கண்டுகொண்டு அமைகிறான். ஜெசிக்காவின் கதை இந்த இலக்கணத்துக்கு அடங்க மறுக்கிறது. அவள் எங்கும் வெளியேறவில்லை. உலகம்தான் படகேறித் தீவுக்கு வந்து அவளைச் சூழ்கிறது. கதையின் முடிவை இங்கே எழுதுவது இன்னும் படிக்காதவர்களுக்குச் செய்யும் அநீதியாகும் என்பதால் அது விடப்படுகிறது. சமூகத்தில் அமைந்துவிடுதல் என்ற பழைய முடிவை எதிர்பார்த்து எவரும் அந்நாவலுக்குள் போக வேண்டாம் என்பதை மட்டும் சொல்லலாம்.

பாத்திரங்களால் நடத்தப்படும் நாவல் என்று ஒன்றைச் சொல்லும்போது, நிகழ்ச்சிகளின் சங்கிலியைக் காட்டிலும் மனிதர்களின் இயல்பே கதையை முன்னெடுத்துச் செல்கிறது என்று பொருள் கொள்கிறோம். மாதவன் இதைச் செய்திருக்கும் முறை தலைப்பிலேயே ஒளிந்திருக்கிறது என்பது இம்மடலின் துணிபு. நாவலின் கட்டமைப்பே ஒரு மன்றாட்டுமாலைதான்: தச்சர்கள், படகோட்டிகள், ஆசிரியர்கள், நாடகக்காரர்கள் என்று தீவின் மனிதர்கள் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி அழைக்கப்படுகிறார்கள், ஒவ்வொரு பெயருக்கும் மறுமொழியாக அந்தச் சிறுமியின் கவனம் எழுகிறது, அவ்வாறு கவனித்துக் கவனித்தே அவள் ஒரு ஆளாக உருவாகிறாள். அவளுடைய ஞானஸ்நானப் பெயரே எட்வினா தெரேசா ஐரீன் மரியா ஆன் மார்கரீட்டா ஜெசிக்கா என்று ஏழு பெயர்களின் கோவையாக இருப்பது வெறும் வேடிக்கைக்காக வைக்கப்பட்டதன்று. தனக்கு முன்னால் போன பெண்களையெல்லாம் சுமந்துகொண்டு வரிசையின் கடைசியில் நிற்கும் குழந்தை அவள். ஒருவருடைய தன்மை தனியே உள்ளிருந்து முளைத்து வருவதில்லை, சுற்றியிருப்பவர்கள் எந்தச் சொற்களால் உலகைப் பெயரிட்டார்களோ அச்சொற்களால்தான் அது நெய்யப்படுகிறது என்ற எண்ணத்தை, விளக்கிச் சொல்லாமல் வடிவத்தாலேயே உணர்த்தியிருப்பது நாவலின் பெரிய சாதனை.

கருப்பையின் இறுதி நாட்களை நினைவுகூர்வதிலிருந்தே ஜெசிக்கா தன் கதையைத் தொடங்குகிறாள். தந்தை மத்தேவுஸ் தச்சர் என்பதால், மரமும் உளியும் சந்திக்கும் ஓசை அவளுக்குப் பிறப்பிற்கு முந்தைய உரிமை. இப்படித் தொடங்கும் மரபு உலக இலக்கியத்தில் நீண்டது. லாரன்ஸ் ஸ்டெர்ன் 1759 இல் வெளியிடத் தொடங்கிய 'டிரிஸ்டரம் ஷாண்டி'யில் நாயகன் தான் கருவான இரவிலிருந்தே கதை சொல்கிறான். குந்தர் கிராஸின் 'தகர முரசு' (1959) நாவலின் ஆஸ்கார் முழு அறிவோடு பிறக்கிறான். சல்மான் ருஷ்டியின் 'நள்ளிரவின் குழந்தைகள்' (1981) நாவலின் சலீம், தான் பிறப்பதற்கு முப்பத்திரண்டு ஆண்டுகள் முன்னே போய்விடுகிறான். இத்தகைய தொடக்கம் வாசகரோடு செய்துகொள்ளும் ஓர் உடன்படிக்கை. குழந்தை அறிந்திருக்க முடியாததையும் இக்குழந்தை சொல்லும், அதை ஏன் என்று கேட்கக் கூடாது என்பதே அதன் நிபந்தனை. இந்த உடன்படிக்கை இல்லாவிட்டால், தீவின் கணித ஆசிரியர் பெர்மாவின் இறுதித் தேற்றத்தோடு நடத்தும் போராட்டத்தை ஒரு சிறுமி எப்படி நமக்குச் சொல்ல முடியும்? இரண்டுக்கு மேற்பட்ட எந்த அடுக்குக்கும், ஓர் எண்ணின் அடுக்கு மற்ற இரண்டு எண்களின் அதே அடுக்குகளின் கூட்டுத்தொகையாகும்படி மூன்று நேர்ம முழு எண்கள் இருக்க முடியாது என்பதே அத்தேற்றம். பெர்மா 17ஆம் நூற்றாண்டில் எழுதிவைத்துப் போன அதற்கு, ஆண்ட்ரூ வைல்ஸ் 1994 இல்தான் நிறுவல் கண்டார். நாவலின் காலமோ 1950களும் 60களும். ஆகவே படிப்பவருக்கு மட்டும் ஒன்று தெரியும்: அந்த ஆசிரியர் தம் வாழ்நாளில் நெருங்க முடியாத ஒன்றின் முன்னால் உட்கார்ந்திருக்கிறார். காயல் நடுவே ஒரு பள்ளிக்கூடத்து மனிதனின் மனத்தில் இவ்வளவு பெரிய ஆசை குடியிருக்கலாம் என்று காட்டியதற்காகவே அப்பகுதிகள் மனத்தில் நிற்கின்றன.

குறை ஒன்றும் இல்லை என்று சொல்ல முடியாது. ஜெசிக்கா வளரும் காலம் கேரளமும் வளரும் காலம். 1956 நவம்பர் 1 இல் மாநிலம் உருவாகிறது. 1957 ஏப்ரலில் இ.எம்.எஸ். நம்பூதிரிபாட் தலைமையில் கம்யூனிஸ்ட் அமைச்சரவை பதவியேற்கிறது. திருச்சபையும் முன்னின்று நடத்திய விமோசன சமரம் என்னும் கிளர்ச்சிக்குப் பின், 1959 ஜூலை 31 இல் அந்த அமைச்சரவை கலைக்கப்படுகிறது. கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்து, கம்யூனிசமும் படகேறி வந்து சேர்ந்த தீவில் வளரும் பெண்ணுக்கு இவை செய்தித்தாள் தலைப்புகளாக மட்டும் இருக்க முடியாது என்பது உண்மையே. ஆயினும் சில பக்கங்களில் வரலாறு அவளுடைய தோளில் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. அவள் என்ன உணர்ந்தாள் என்று கேட்க வேண்டிய இடத்தில், நாட்டில் என்ன நடந்தது என்ற தகவல் வந்து நிற்கிறது. ஆண்களின் கதைகள் அகலமாகவும் பெண்களின் கதைகள் ஓரமாகவும் அமைந்துவிட்டன என்ற உணர்வும் படித்து முடித்தபின் எஞ்சுகிறது. பெரிய நாவலொன்றின் மீது வைக்கப்படும் இந்தப் புகார்கள், அடுத்து எழுதப்போகிறவர் எங்கே கவனமாக இருக்க வேண்டும் என்பதற்குரிய குறிப்புகளாகவும் கொள்ளத்தக்கவை.

இனி, தமிழ் வாசகர் அதிக நேரம் நிற்க வேண்டிய இடத்துக்கு வரலாம். நாவலின் உயிர்நாடிகளில் ஒன்று சவிட்டு நாடகம். சவிட்டு என்றால் மிதித்தல். பலகையால் அமைத்த மேடையில் நடிகர்கள் பாடிக்கொண்டும் வாள் வீசிக்கொண்டும் ஒருசேர ஓங்கி மிதிக்கும்போது எழும் ஓசையே அக்கலையின் தாளமாகவும் பெயராகவும் ஆயிற்று. போர்த்துகீசியர் வரவுக்குப் பின் கேரளக் கடற்கரையின் லத்தீன் கத்தோலிக்கரிடையே உருவான இந்நாடக வகையில் மிகப் புகழ்பெற்றது, ஐரோப்பியப் பேரரசன் சார்லமேனையும் அவனுடைய பன்னிரு வீரர்களையும் பற்றிய கார்ல்மான் சரிதம். அதை இயற்றியவராக மரபு சொல்லும் பெயர் சின்னத்தம்பி அண்ணாவி. அண்ணாவி என்பது கூத்துக் கற்றுக்கொடுக்கும் ஆசானுக்குத் தமிழில் வழங்கும் பெயர். மன்னாரிலும் யாழ்ப்பாணக் கடற்கரையிலும் கத்தோலிக்கக் கூத்து பழக்குபவர் இன்றும் அண்ணாவியார்தான். பெயரே காட்டிக்கொடுப்பதுபோல, சவிட்டு நாடகச் சுவடிகளின் மொழி தமிழ் மிகுதியாகக் கலந்த மொழி. எர்ணாகுளம் மாவட்டத்துக் கோதுருத்து இக்கலையின் முக்கிய நிலைக்களன்களுள் ஒன்று. அவ்வூர்க்காரரான சபீனா ராபி 1964 இல் வெளியிட்ட ஆய்வுநூல் அக்கலையை ஆவணப்படுத்தியவற்றுள் முன்னோடியாகும்.

இதன் பொருளை ஒருகணம் எண்ணிப்பார்க்க வேண்டும். பிரெஞ்சு நாட்டுக் காவியக் கதை, போர்த்துகீசியக் கப்பலில் வந்து, தமிழ் அண்ணாவி ஒருவரின் சுவடியில் பாட்டாகி, மலையாளம் பேசும் மீனவர்களும் தச்சர்களும் பொருள் முழுதும் விளங்காமலே மனப்பாடம் செய்து மிதித்து ஆடும் நாடகமாக நிலைபெற்றிருக்கிறது. அந்தப் பலகை ஓசையின் நடுவே வளர்பவள் ஜெசிக்கா. சமஸ்கிருதம் ஒரு வீட்டுக்கும் லத்தீன் ஒரு கோயிலுக்கும் எப்படி மேன்மையின் மொழியாக இருந்தனவோ, அப்படியே அந்த மேடைக்குத் தமிழ் வீரத்தின் மொழியாக இருந்தது. கொச்சியில் தமிழ் என்றால் சரக்கு ஏற்ற வந்தவர்களின் மொழி, துணி வெளுக்க வந்தவர்களின் மொழி என்று கேட்டே பழகிய காதுகளுக்கு இச்செய்தி போய்ச் சேர வேண்டும். மடல் உங்களுக்கு எழுதப்படுவதற்கு மற்றொரு காரணமும் இதுவே. அந்நாவலில் நீங்கள் விருந்தினர் அல்லர். அதன் தாளம் உங்கள் மொழியில் பிறந்தது.

மொழிபெயர்ப்பில் நேரும் ஒரு சிக்கலும் இங்கேதான் இருக்கிறது. மலையாளத்தில் படிப்பவருக்கு, அன்றாடப் பேச்சின் நடுவே திடீரென எழும் இந்தத் தமிழ் பழமையாகவும் தொலைவிலிருந்து வருவதாகவும் ஒலிக்கும்; அந்தத் தொலைவே அதன் கம்பீரம். தமிழாக்கத்திலோ எல்லாமே தமிழ் என்பதால், தொலைவு அழிந்து, அரசனின் மொழியும் அடுக்களையின் மொழியும் ஒரே தளத்தில் வந்து நின்றுவிடும் ஆபத்து உண்டு. 'அரசூர் வம்சம்' எழுதிய இரா. முருகன் தமிழும் மலையாளமும் உரசும் இடங்களை நன்கறிந்தவர். ஆயினும் இந்த இழப்பு எந்த மொழிபெயர்ப்பாளரின் திறமைக்கும் அப்பாற்பட்டது. 'பீரங்கிப் பாடல்கள்' என்ற தலைப்பு பத்தேரியையும் லுத்தினியாவையும் தமிழ்க் காதுக்கு இணக்கமாக ஒரே தொடரில் இணைத்துவிட்டது என்பது பாராட்டத்தக்கது. போனது லந்தன் என்ற ஒரு சொல்தான். சென்னையில் படிப்பவருக்கு அது பெரிய இழப்பில்லை. வேளியில் படிப்பவருக்கு இழப்புதான்.

ஏனெனில் வேளி மைதானத்தை ஒட்டிய தோபி கானாவில் தலைமுறைகளாகத் துணி வெளுத்துவரும் தமிழ் வண்ணார் சமூகத்தார், தம் முன்னோர் தமிழகத்திலிருந்து டச்சுக்காரர்களால் அவர்களுடைய படைவீரர்களின் உடுப்புகளை வெளுக்கக் கொண்டுவரப்பட்டவர்கள் என்றே சொல்லி வருகின்றனர். டச்சுக்காரர்கள் போர்த்துகீசியரிடமிருந்து கொச்சியைக் கைப்பற்றியது 1663 இல்; ஆங்கிலேயரிடம் இழந்தது 1795 இல். கோட்டையை வைத்திருந்த 132 ஆண்டுகளில் அவர்கள் விட்டுச்சென்றவற்றுள் கல்லறைகளும் அரண்மனைகளும் சுற்றுலாப் பயணிகளுக்குக் காட்டப்படுகின்றன. மனிதர்களாக விடப்பட்டவர்கள் வேளியில் இருக்கிறார்கள். பெருங்கொச்சி வளர்ச்சி ஆணையம் 1976 இல் கட்டித் தந்த துவைப்புத் தொட்டிகளும், இரட்டைக் கயிற்றை முறுக்கி அதன் இடுக்கில் துணி முனையைச் செருகி ஒரு கவ்வியும் இல்லாமல் உலர்த்தும் முறையும், கஞ்சிப் பசையும், கரிப்பெட்டி இஸ்திரியும் புகைப்படக்காரர்களை ஈர்க்கின்றன. படம் எடுப்பவர் போய்விடுகிறார். அந்தக் கயிறுகளுக்கிடையே ஓடி விளையாடி, வீட்டில் அப்பாவோடு ஒரு மொழியும் வகுப்பில் ஆசிரியரோடு மற்றொரு மொழியும் பேசி, வெளுத்த மூட்டையைத் தன் வகுப்புத் தோழன் வீட்டு வாசலில் கொண்டுபோய் வைக்க நேர்ந்த பிள்ளையின் மனம் படத்தில் விழுவதில்லை. அதற்கு நாவல் வேண்டும்.

தமிழில் இதற்கு வழிகாட்டிகள் இருக்கின்றன என்பது கவனிக்கத்தக்கது. தமிழின் சிறந்த உருவாக்க நாவல்களுள் இரண்டு தமிழகத்துக்கு வெளியே நிகழ்பவை. அசோகமித்திரனின் 'பதினெட்டாவது அட்சக்கோடு' (1977) செகந்தராபாத்தில், நிஜாம் ஆட்சியின் கடைசி மாதங்களில், சந்திரசேகரன் என்ற கல்லூரி மாணவன் கிரிக்கெட்டிலிருந்தும் அற்ப ஆசைகளிலிருந்தும் பிடுங்கப்பட்டு வரலாற்றின் நடுவே எறியப்படுவதைச் சொல்கிறது. சுந்தர ராமசாமியின் 'குழந்தைகள் பெண்கள் ஆண்கள்' (1998) 1930களின் இறுதியில் கோட்டயத்தில் வாழும் தமிழ்க் குடும்பமொன்றில் பாலு என்ற சிறுவன் அப்பாவின் அச்சத்தில் வளர்வதைச் சொல்கிறது. பேசும் மொழி ஒன்றாகவும் தெருவின் மொழி வேறாகவும் இருக்கும் நிலை, குழந்தையைச் சொற்களின் மீது இயல்பாகவே விழிப்புடையதாக்குகிறது போலும். எழுத்தாளருக்கு வேண்டிய முதல் தகுதி அதுதான். இன்னொரு பக்கம், இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' (1994) புதிரை வண்ணார் சமூகத்து ஆரோக்கியத்தின் வாழ்வை, ஊர்ச்சோற்றையும் அழுக்கு மூட்டையையும் விட்டு விலகாமல், எந்தக் கனிவுப் பூச்சும் இன்றி எழுதிக் காட்டியது. ஆனால் அது கிராமத்தின் கதை, வயது வந்த ஒரு தாயின் கதை. துறைமுக நகரத்தில், சாதியின் பெயர் மாறாமலே அதன் பிடி மட்டும் வேறு விதமாக இறுகியும் தளர்ந்தும் வந்த இடத்தில், ஒரு சிறுவனோ சிறுமியோ எப்படித் தன்னை அறிகிறார் என்ற கேள்வி அந்நாவலின் எல்லைக்கு வெளியே நிற்கிறது. செகந்தராபாத்துக்கும் கோட்டயத்துக்கும் கிடைத்தது வேளிக்குக் கிடைக்காமல் போவதற்கு ஒரு நியாயமும் இல்லை.

எந்த மொழியில் எழுதுவது என்ற தயக்கம் உங்களில் பலருக்கு எழும். தமிழைப் பேச முடிந்தும் எழுதப் பழகாதவர்கள் உங்களிடையே இருப்பது இயல்பே. அவர்கள் மலையாளத்தில் எழுதட்டும். வீட்டின் தமிழ் உரையாடலில் அப்படியே வரட்டும். சின்னத்தம்பி அண்ணாவியின் தமிழ் மலையாள நாவலுக்குள் புகுந்து அதற்கு முதுகெலும்பாக முடிந்ததென்றால், உங்கள் பாட்டிமார்களின் தமிழ் ஏன் முடியாது? அச்சில் வரத் தகுந்த செந்தமிழாக அதைத் திருத்த வேண்டிய தேவை சிறிதும் இல்லை. மலையாள வினைகளும் கொங்கணிச் சொற்களும் கலந்து வரும் மட்டாஞ்சேரித் தமிழே அக்கதையின் மொழி.

தம் வாழ்க்கையில் நாவலுக்குரிய பெரிய நிகழ்ச்சி ஒன்றும் இல்லை என்ற தயக்கத்துக்கும் ஜெசிக்கா விடை வைத்திருக்கிறாள். அவள் தீவில் பிறந்தாள், கேட்டாள், பார்த்தாள், அவ்வளவே. உங்கள் பக்கத்திலோ நிகழ்ச்சிகளுக்கும் பஞ்சமில்லை. துறைமுகத்தில் வேலைக்கு வந்து நிற்கும் கூட்டத்தின் நடுவே உலோக வில்லைகளை எறிந்து, பாய்ந்து பிடித்தவருக்கு மட்டும் அன்றைய வேலை தரும் சாப்பா முறைக்கு எதிராகத் தொழிலாளர் போராடியதும், 1953 செப்டம்பரில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போனதும் மட்டாஞ்சேரியில்தான். அன்று சூடு நடந்த தெருக்களுக்கு அடுத்த நாள் வெள்ளைத் துணி மூட்டை எப்படிப் போயிற்று, போகவேயில்லையா, யார் வாங்கினார்கள் என்பதைச் சொல்லக்கூடிய நாவலாசிரியர் வெளியிலிருந்து வரப்போவதில்லை.

மாதவனிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது பெயர் சொல்லி அழைக்கும் முறை. எந்த வீட்டுத் துணிக்கு எந்தக் குறி இடப்பட்டது, அக்குறிகளை முதலில் வகுத்தவர் யார், எந்தத் தொட்டி எந்தக் குடும்பத்துக்கு வந்தது, தமிழகத்தில் எந்த ஊரிலிருந்து வந்ததாகப் பெரியவர்கள் சொல்கிறார்கள், கப்பல் உடுப்புக்கும் கல்யாண உடுப்புக்கும் கஞ்சியின் பதம் எவ்வாறு வேறுபட்டது என்பனவெல்லாம் இன்னும் சிலருடைய நினைவில் இருக்கின்றன. அவர்களைக் கேட்டு எழுதி வைக்கும் வேலைக்குக் கருவியோ நிதியோ தேவையில்லை. காலைத் துவைப்பு முடிந்து துணிகள் கயிற்றில் ஏறிய பின், அவை உலர்ந்து இறங்கும் வரை தோபி கானாவில் பெரியவர்கள் நிழலில் உட்கார்ந்திருக்கும் நேரம் இருக்கிறது. அந்த நேரத்தில் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு அவர்கள் பக்கத்தில் போய் உட்கார்ந்தால் போதும்.

மிகுந்த அன்புடன்,
ஒரு வாசகர்